அணு உலையிலிருந்து மின்சாரம்: எரிபொருள் நிரப்புவது முதல் மின்கட்டமைப்பில் இணைப்பது வரை

அணு மின் நிலையத்தை விளக்கும் படங்களில் உலை, நீராவி, டர்பைன், ஜெனரேட்டர் ஆகியவை வரிசையாக வரையப்பட்டு அம்புக்குறிகளால் இணைக்கப்பட்டிருக்கும். படத்தில் தவறேதும் இல்லை. ஆயினும் எதை முதலில் செய்கிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள், எதை ஒருபோதும் நிறுத்துவதில்லை என்பவற்றை அது சொல்வதில்லை. உலையைப் புரிந்துகொள்ள இவைதான் வேண்டும். ஆகவே இங்கே, உலகில் மிகுதியாகப் பயன்படும் அழுத்த நீர் உலை ஒன்றை, குளிர்ந்து கிடக்கும் நிலையிலிருந்து முழுத் திறனுக்குக் கொண்டுவரும் வரிசையிலேயே விளக்குகிறேன். 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதில் 1,000 மெகாவாட்டை மின்சாரமாகத் தரும் உலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். படிக்கும்போது ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: அணு உலையில் வெப்பத்தை உண்டாக்குவது எளிய பகுதி, உண்டான வெப்பத்தை இடைவிடாமல் எடுத்துச் செல்வதற்காகவே நிலையத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

பிளவும் எரிபொருளும்

யுரேனியம்-235 அணுக்கரு ஒரு நியூட்ரானை ஏற்கும்போது, அது பெரும்பாலும் இரண்டு நடுத்தரக் கருக்களாகப் பிளந்து, சராசரியாக 2.4 புதிய நியூட்ரான்களையும் ஏறத்தாழ 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலையும் வெளியிடுகிறது. ஓட்டோ ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் இருவரும் 1938-ஆம் ஆண்டின் இறுதியில் செய்த வேதியியல் ஆய்வில், நியூட்ரான்களால் தாக்கப்பட்ட யுரேனியத்தில், அதைவிட மிக இலேசான தனிமமான பேரியம் தோன்றியிருப்பதைக் கண்டார்கள். கரு பிளந்ததால்தான் அது தோன்றியது என்ற விளக்கத்தை லீசெ மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் தந்தார்கள். நிலக்கரியிலுள்ள கரி அணு ஒன்று எரியும்போது கிடைப்பது ஏறத்தாழ 4 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அதாவது, ஒரு கரு பிளப்பது ஐந்து கோடி கரி அணுக்கள் எரிவதற்கு ஈடு. நம் எடுத்துக்காட்டு உலையில் நாளொன்றுக்குப் பிளவுபடும் பொருளின் எடை ஏறத்தாழ 3 கிலோகிராம்தான். அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி என்றால் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் தேவைப்படும்.

இந்த ஆற்றலில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு, பிளந்த துண்டுகள் பறந்து செல்லும் வேகமாக வெளிப்படுகிறது. துண்டுகள் ஒரு மில்லிமீட்டர் தொலைவுகூடப் போவதில்லை. எரிபொருளுக்குள்ளேயே அருகிலுள்ள அணுக்களோடு மோதி நின்றுவிடுகின்றன. அந்த மோதல்தான் வெப்பம். கதிர்வீச்சே நேரடியாக மின்சாரமாக மாறுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். மின் நிலைய உலையில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. எரிபொருள் சூடாகிறது, அவ்வளவுதான்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு, மீதி ஏறத்தாழ முழுவதும் யுரேனியம்-238. அழுத்த நீர் உலைக்கு இது போதாது என்பதால் 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவூட்டுகிறார்கள். செறிவூட்டிய யுரேனியத்தை யுரேனியம் டை ஆக்சைடாக மாற்றி, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள வில்லைகளாக அழுத்திச் சுட்டெடுக்கிறார்கள். பீங்கான் போன்ற இந்த வில்லைகள் 2,800 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்கும் சிர்கோனியக் கலப்பு உலோகக் குழல்களில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஹீலியம் வாயுவை நிரப்பி, இரு முனைகளையும் பற்றவைத்து மூடுகிறார்கள். ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள இத்தகைய குழல்கள் சில நூறு சேர்ந்தது ஒரு கட்டு. 150 முதல் 200 கட்டுகளை எஃகு அழுத்தக் கலனுக்குள் செங்குத்தாக நிறுத்தினால் உலையின் உள்ளகம் தயார். குழல்கள் ஏறத்தாழ 50,000. வில்லைகள் ஒரு கோடிக்கும் மேல்.

தண்ணீருக்கு இரண்டு வேலைகள்

பிளவிலிருந்து வெளிவரும் நியூட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அது இன்னொரு யுரேனியம்-235 கருவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நொடிக்குச் சில கிலோமீட்டர் என்ற அளவுக்குத் தணிந்தால் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடுகிறது. தணிப்பதற்கு ஏற்ற பொருள், நியூட்ரானுக்கு ஒப்பான எடையுள்ள கருக்களைக் கொண்டிருக்க வேண்டும். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கரு அப்படிப்பட்டது. ஏறத்தாழ 18 மோதல்களில் நியூட்ரான் போதிய அளவுக்குத் தணிந்துவிடுகிறது. கிராஃபைட்டில் இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள் வேண்டும்.

எரிபொருள் குழல்களுக்கிடையே ஓடும் அதே தண்ணீர்தான் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. தணிப்பானும் குளிர்விப்பானும் ஒரே பொருளாக இருப்பதில் பெரிய நன்மை ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாமற்போனால் நியூட்ரான்களைத் தணிக்க எதுவும் இல்லாததால், ஒரு பிளவின் நியூட்ரான் அடுத்த கருவைப் பிளந்து தொடரும் தொடர்வினையும் தானே நின்றுவிடும். வெப்பம் உடனே நின்றுவிடாது என்பது வேறு செய்தி. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் சூடேற்றுதல், பிறகே தொடர்வினை

உலையை இயக்குவது என்றாலே, நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளகத்திலிருந்து வெளியே இழுப்பதுதான் என்று நினைத்தால், வரிசை தலைகீழாகிவிடும். எரிபொருள் நிரப்பி, கலனின் மூடியைப் போல்ட்டுகளால் இறுக்கிய பிறகு, தண்ணீரில் போரிக் அமிலத்தை மிகுதியாகக் கலந்து வைத்திருப்பார்கள். போரான் நியூட்ரான்களை விழுங்கிவிடுவதால் தொடர்வினை தொடங்கவே முடியாது. அந்த நிலையிலேயே பெரிய சுற்றோட்டப் பம்புகளை இயக்குகிறார்கள். ஒவ்வொன்றும் பல மெகாவாட் மின்சாரத்தில் ஓடும் இந்தப் பம்புகள் தண்ணீரைக் கலக்கித் தள்ளுவதாலேயே எழும் உராய்வு வெப்பம், பல மணி நேரத்தில், உள்ளகத்தின் வழியே நீர் ஓடும் முதன்மைச் சுற்று முழுவதையும் 290 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு பிளவுகூடத் துணைசெய்யாத நிலையில் உலை இயங்கு வெப்பநிலையை அடைந்துவிடுகிறது.

அவ்வளவு சூட்டிலும் தண்ணீர் கொதிப்பதில்லை. ஏனெனில் அழுத்தச் சீராக்கி என்ற தனிக் கலன், மின்சார வெப்பமூட்டிகளாலும் குளிர்நீர்த் தெளிப்பாலும் சுற்று முழுவதையும் 155 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கும் மேலான நிலையில் வைத்திருக்கிறது. வீட்டுப் பிரஷர் குக்கரில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டுவதும் இதே விதியால்தான். இங்கே கொதிநிலை 345 டிகிரி அளவுக்கு உயர்ந்திருக்கிறது.

மாறுநிலையை நெருங்குதல்

ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை நியூட்ரான்கள் இருந்தனவோ அத்தனையே அடுத்த தலைமுறையிலும் இருந்தால், பெருக்கக் காரணி சரியாக 1, இதுவே மாறுநிலை. சீராக இயங்கும் ஒவ்வோர் உலையும் நாள் முழுவதும் இந்த நிலையில்தான் இருக்கிறது. சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியும் குழுவினரும் கிராஃபைட்டையும் யுரேனியத்தையும் அடுக்கிக் கட்டிய அமைப்பு 1942 டிசம்பர் 2 அன்று முதன்முதலாக இந்த நிலையை எய்தியது. அன்று அவர்கள் கையாண்ட முறைக்கும் இன்றைய கட்டுப்பாட்டு அறையில் நடப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இயக்குநர்கள் தண்டுகளைச் சிறிது உயர்த்துகிறார்கள், அல்லது தூய நீரைச் சேர்த்துப் போரானின் அடர்த்தியைக் குறைக்கிறார்கள். பிறகு நிறுத்திக் காத்திருக்கிறார்கள். உள்ளகத்தில் சிறிய நியூட்ரான் மூலம் ஒன்று எப்போதும் நியூட்ரான்களைத் தந்துகொண்டிருக்கும்; அவை எந்த அளவுக்குப் பெருகுகின்றன என்பதைக் கலனுக்கு வெளியேயுள்ள உணரிகள் எண்ணுகின்றன. மாறுநிலையை நெருங்க நெருங்க அந்த எண்ணிக்கை மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போவதால், அதைப் பார்த்து முடிவெடுப்பது கடினம். ஆகவே எண்ணிக்கையின் தலைகீழ் மதிப்பை, அதாவது 1-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதை, வரைபடத்தில் குறிக்கிறார்கள். குறித்த புள்ளிகளை இணைக்கும் கோடு சுழியத்தை நோக்கி இறங்குகிறது. அதை நீட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் மாறுநிலை வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அடுத்த அடி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கோடே சொல்லும். இத்தனை எளிய கருவி இத்தனை பெரிய பொறுப்பைச் சுமப்பது, இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் செய்திகளுள் ஒன்று.

மாறுநிலை எய்திய கணத்தில் அறையில் எதுவும் அதிர்வதில்லை; வெப்பம்கூட எழுவதில்லை. நியூட்ரான்களின் எண்ணிக்கை அப்போது மிகச் சிறியது. அங்கிருந்து பல்லாயிரம் மடங்கு உயர்த்திய பிறகே தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

தாமத நியூட்ரான்கள்: கட்டுப்பாட்டின் உண்மையான அடித்தளம்

உலையைக் கட்டுப்படுத்துவன காட்மியம் அல்லது போரான் தண்டுகள் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். அது பாதி உண்மையே. தண்டுகள் எவ்வளவு விரைவாக நகர்ந்தாலும், ஒரு நியூட்ரான் பிறந்து அடுத்த பிளவை உண்டாக்க ஆகும் காலம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. எல்லா நியூட்ரான்களும் பிளவின் கணத்திலேயே பிறப்பனவாக இருந்தால், பெருக்கக் காரணி 1.001 என்ற அளவுக்கு மிகச் சிறிதாக உயர்ந்தாலும், ஒரே நொடியில் உலையின் திறன் 20,000 மடங்குக்கும் மேல் ஏறிவிடும். மனிதரோ இயந்திரமோ அதைத் தடுத்துவிட முடியாது.

நல்வாய்ப்பாக, யுரேனியம்-235 பிளவில் வெளிவரும் நியூட்ரான்களில் ஏறத்தாழ 0.65 விழுக்காடு உடனே வருவதில்லை. புரோமின்-87 போன்ற பிளவுத் துண்டுகள் கதிரியக்கச் சிதைவுக்கு உள்ளான பிறகே அவை வெளியாகின்றன. அதற்கு நொடியின் ஒரு பகுதி முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் வரை ஆகலாம். உலையை எப்போதும் இந்தச் சிறு பங்கு இல்லாமல் மாறுநிலையை எட்ட முடியாத அளவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே உலையின் திறன் மாறும் வேகம் முழுவதையும் அந்தத் தாமத நியூட்ரான்களே தீர்மானிக்கின்றன. அதே 1.001 மதிப்பில் இப்போது திறன் இரண்டு மடங்காவதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆயிரத்துக்கு ஆறு, ஏழு என்ற அளவே உள்ள இந்த நியூட்ரான்கள் இயற்கையில் இல்லாமல் இருந்திருந்தால், இன்று நாம் அறிந்த வகையில் அணு மின் நிலையங்கள் எழுந்திருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குத் துணையாக இயற்பியல் தரும் இன்னொரு காப்பும் உண்டு. எரிபொருள் சூடாகும்போது அதிலுள்ள யுரேனியம்-238 முன்னைவிட மிகுதியான நியூட்ரான்களை விழுங்குகிறது. தண்ணீர் சூடாகும்போது விரிந்து அடர்த்தி குறைவதால் தணிப்பும் குறைகிறது. இரண்டும் திறனைக் கீழே இழுப்பவை. திறன் தற்செயலாக உயர்ந்தால் உலையே அதை எதிர்த்து நிற்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த செர்னோபில் உலை வேறு வகையைச் சேர்ந்தது. அதில் தணிப்பான் கிராஃபைட். தண்ணீர் நீராவியாகும்போது நியூட்ரான்களை விழுங்கும் பொருள் குறைந்து, திறன் மேலும் ஏறும்படி அதன் அமைப்பு இருந்தது. உலைகளை ஒப்பிடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சூடு கூடும்போது இந்த உலை தன்னைத் தணித்துக்கொள்ளுமா, தூண்டிக்கொள்ளுமா?

வெப்பத்திலிருந்து மின்சாரம்

திறன் ஏற ஏற, உள்ளகத்தின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 15 டன் தண்ணீர் ஓடுகிறது. 290 டிகிரியில் நுழையும் நீர் 325 டிகிரியில் வெளியேறி, நீராவி உருவாக்கி என்ற உயரமான கலனில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் பாய்கிறது. அக்குழாய்களுக்கு வெளியே இருப்பது வேறொரு சுற்றின் தண்ணீர். அதன் அழுத்தம் 60 முதல் 70 பார் அளவே என்பதால் அது கொதித்து, ஏறத்தாழ 280 டிகிரி நீராவியாகிறது. வெப்பம் குழாய்ச் சுவரைக் கடக்கிறது, தண்ணீர் கடப்பதில்லை. எனவே டர்பைனுக்குச் செல்லும் நீராவி உள்ளகத்தைத் தொட்டதே இல்லை. கொதிநீர் உலைகளில் இந்த இடைச் சுற்று கிடையாது; கலனிலேயே நீர் கொதித்து நேரே டர்பைனுக்குப் போகிறது. கனநீர் உலைகளில் தணிப்பான் நியூட்ரான்களை அரிதாகவே விழுங்குவதால், செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும்.

டர்பைனிலிருந்து அப்பால் நடப்பவை அனல் மின் நிலையத்தில் நடப்பவையே. நீராவி விரிந்து தகடுகளைச் சுழற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்பில் இத்தகைய பெரிய டர்பைன்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழல்கின்றன. ஜெனரேட்டரை மின்கட்டமைப்பில் இணைக்கும் முன், மின்னழுத்தம், அலைவெண், கட்டம் (மின்னலை ஏறி இறங்குவதில் அக்கணத்து நிலை) ஆகிய மூன்றும் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். கட்டம் பொருந்தாமல் இணைத்தால் ஜெனரேட்டரின் தண்டே முறுக்கப்பட்டுச் சேதமடையலாம். இணைந்த பிறகு, டர்பைனுக்கு நீராவியைக் கூட்டக் கூட்ட, முதன்மைச் சுற்றின் நீர் சற்றே குளிர்ந்து அடர்த்தி கூடுகிறது; தணிப்பு கூடி, உலையின் திறனும் அதற்கேற்ப உயர்கிறது. மேலே சொன்ன அதே இயல்பு, இங்கே உலையை மின்சாரத் தேவையைப் பின்தொடரச் செய்கிறது.

வேலை முடிந்த நீராவி, காற்று ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்ட கண்டன்சரில் மீண்டும் நீராகிறது. 3,000 மெகாவாட்டில் 1,000 மட்டுமே மின்சாரமானதால், மீதி 2,000 மெகாவாட்டை இங்கேதான் வெளியேற்ற வேண்டும். கடல்நீரைப் பயன்படுத்தி, அதன் வெப்பநிலை 10 டிகிரி மட்டும் உயரலாம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 50 டன் தேவை. நிலையங்கள் கடலோரத்திலும் பேராறுகளின் கரையிலும் எழுவதற்கு இதுவே காரணம். குளிர்விக்கும் கோபுரங்களின் உச்சியில் எழும் வெண்முகில், தூய நீர் ஆவியாகிக் குளிர்ந்த துளிகளே. அது புகையுமில்லை, உலைக்குள்ளிருந்து வந்ததுமில்லை.

நிறுத்துதல்

கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தங்கள் பிடித்திருக்கின்றன. மின்சாரம் நின்றால் பிடி விடுபட்டு, தண்டுகள் தம் எடையாலேயே சில நொடிகளில் உள்ளகத்துக்குள் விழுகின்றன, தொடர்வினை நின்றுவிடுகிறது. மீண்டும் இயக்குவதற்கு அவசரப்பட முடியாத ஓர் இடையூறும் உண்டு. அயோடின்-135 சிதைந்து செனான்-135 ஆகிறது. இது நியூட்ரான்களை விழுங்குவதில் மற்றெல்லாப் பிளவு விளைபொருள்களையும் விஞ்சியது. இயங்கும் உலையில் அது உண்டாவதும் நியூட்ரானை விழுங்கி அழிவதும் சமநிலையில் இருக்கும். நிறுத்தியபின் அழிவு குறைந்து, சேர்வது மட்டும் தொடர்வதால், அதன் அளவு சில மணி நேரம் ஏறிக்கொண்டே போய், பிறகு ஓரிரு நாளில் வடிகிறது.

ஆனால் நிறுத்துதலில் பெருங்கவலை இதுவன்று. பிளவு நின்ற மறுகணமும், முன்னரே உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டேயிருக்கின்றன. நிறுத்திய உடனே இந்தச் சிதைவு வெப்பம் முழுத் திறனில் ஆறு அல்லது ஏழு விழுக்காடு. நம் உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் 45 மெகாவாட்டை ஒட்டி இறங்கும். ஒரு நாள் கழிந்தும் 15 மெகாவாட் அளவில் நிற்கும். அந்தப் 15 மெகாவாட்டே மணிக்கு 20 டன்னுக்கும் மேற்பட்ட நீரை ஆவியாக்கப் போதுமானது. இதை அணைக்க எந்தப் பொத்தானும் கிடையாது. எடுத்துச் செல்வது ஒன்றே வழி. அதற்காகத்தான் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல பம்புகள், டீசல் ஜெனரேட்டர்கள், மின்கலங்கள், நீர்த் தொட்டிகள் ஆகியவை அடுக்கடுக்காக வைக்கப்படுகின்றன.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணு மின் நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கத்தை உணர்ந்ததும் விதிப்படியே நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஆழிப்பேரலை அவற்றை மூழ்கடித்தது. சிதைவு வெப்பத்தை எடுத்துச் செல்ல வழியின்றி மூன்று உள்ளகங்களும் உருகின. சூடேறிய சிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து உண்டாக்கிய ஹைட்ரஜன் கட்டடங்களில் வெடித்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்திலும் தொடர்வினை நின்று சில மணி நேரத்துக்குள்தான் உள்ளகம் உருகியது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வின் வழியே நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உள்ளே நீர் மிகுதியாக இருப்பதாகக் கருவிகளிலிருந்து தவறாகப் புரிந்துகொண்ட இயக்குநர்கள், அவசரகால நீர்வரத்தைக் குறைத்தார்கள். அணு உலை விபத்து என்றதும் கட்டுக்கடங்காத தொடர்வினையையே பலரும் நினைக்கிறார்கள். இவ்விரு நிகழ்வுகளிலும் தொடர்வினை நின்றிருந்தது, தவறிப்போனது குளிர்விப்பு. புதிய வடிவமைப்புகள் சிலவற்றில், பம்பும் மின்சாரமும் இல்லாமலே, உயரத்திலுள்ள தொட்டியின் நீரும் சூடான நீர் மேலெழும் இயல்பும் பல நாள்களுக்குக் குளிர்விப்பை நடத்தும்படி அமைத்திருப்பது இதனால்தான்.

எரிபொருளை மாற்றுதல்

12 முதல் 24 மாதங்களுக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, கட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்து, புதியவற்றை வைக்கிறார்கள். கலனின் மூடியைத் திறந்ததும் அதற்கு மேலுள்ள குழியை நீரால் நிரப்பி, கட்டுகளை நீருக்கடியிலேயே நகர்த்திப் பக்கத்துத் தொட்டிக்குக் கொண்டுசெல்கிறார்கள். சில மீட்டர் ஆழமுள்ள நீர் கதிர்வீச்சை மறைக்கிறது. அதே நீர் வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. தொட்டியிலுள்ள நீரையும் பம்பு வைத்துக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்து வெப்பம் போதிய அளவு குறைந்த பிறகே, கட்டுகளை எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த உலர் கலன்களுக்கு மாற்ற முடியும். அங்கே வெளிச்சுவரை ஒட்டி இயல்பாக மேலெழும் காற்றே குளிர்விப்புக்குப் போதுமானதாகிறது.